தங்கையின் முகத்தில் அக்காவின் குரல்

முப்பத்தோராவது போஸ்டரிலும் மழை கொட்டிக்கொண்டிருந்தது.

"சார், படத்துல எந்த இடத்துல மழை வருது?" என்று கேட்டாள் கத்தரி. இதே கேள்வியை அவள் கேட்பது அன்றைக்கு மூன்றாவது தடவை.

"படத்துல வரலைன்னா என்னம்மா? காதல் படம்னா ஜனங்க மழையை எதிர்பார்ப்பாங்க," என்றார் படத்துக்குப் பணம் போட்ட முதலாளி. "மழை எடுக்காம விட்டது டைரக்டரோட தப்பு. அதுக்குப் போஸ்டர் என்ன பண்ணும்?"

இயக்குநர் மேசையின் கோடியில் உட்கார்ந்து பென்சில் சீவிக்கொண்டிருந்தார். தலை நிமிராமல், "சரிதான்," என்றார்.

அந்த மனிதரிடம் எதைச் சொன்னாலும் இதுதான் பதில். மழை வேண்டும் என்றாலும் சரிதான், வேண்டாம் என்றாலும் சரிதான். படப்பிடிப்பு முடிவதற்குள் அதுவே அவருக்குப் பேராகிவிட்டது. இப்படிப்பட்ட ஆள் எப்படி இப்படி ஒரு படத்தை எடுத்தார் என்பதுதான் கத்தரிக்கு விளங்கவில்லை. ஏனென்றால் படம் நன்றாக இருந்தது. பத்தொன்பது வருஷமாக டிரெய்லர் வெட்டிப் பிழைக்கிறவள் அவள்; கத்தரி என்ற பேரே அதில் வந்ததுதான். ஊரில் வந்த படங்களில் பாதியைத் துண்டு துண்டாகப் பார்த்து மரத்துப்போனவள். அவளே வேலையை ஓரம் வைத்துவிட்டு இரண்டாம் தடவை முழுசாக உட்கார்ந்து பார்த்தாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

'படகுத்துறைத் தபால்' நூறு வருஷத்துக்கு முந்தைய கதை. ஆற்றங்கரை ஊரில் தபால் நிலையத்தில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணுக்கும், பாலம் கட்ட அளவெடுக்க வந்த ஒருவனுக்கும் காதல். விளம்பரத்தில் இவ்வளவுதான் சொல்வார்கள். ஆனால் அந்தப் பெண்ணுக்கு ஓர் அக்கா இருந்தாள். ஊருக்கெல்லாம் துணி தைத்துக் கொடுத்துத் தாயில்லாத தங்கையை வளர்த்தவள். தங்கை அவனோடு படகேறப்போகிற காலையில், அடுப்படியில் நின்று, கைவேலையை நிறுத்தாமல் அக்கா சொல்கிறாள்: "போறதுன்னா போ. வழியனுப்ப நான் வரமாட்டேன். வந்தா நானும் ஏறிடுவேன்."

படம் மொத்தமும் அந்தப் பேச்சுக்குள் இருந்தது. சுவரில் குத்தியிருந்த முப்பத்தொரு போஸ்டரில் ஒன்றில்கூட அந்த அக்கா இல்லை. காதலனும் காதலியும் நெற்றியோடு நெற்றி முட்டி நின்றார்கள். ஒன்றில் ஆளுக்கொரு திசை பார்த்தார்கள். ஒன்றில் அவள் கூந்தல் வானம் வரைக்கும் பறந்தது. போஸ்டர் வரைகிற ஓவியர் கண் சிவந்துபோய், "இன்னும் கொஞ்சம் நீலம் வேணுமா சார்?" என்று கேட்டுக்கொண்டு நின்றார். மூன்றாவது மாடியின் அந்த நீள அறையில் ஏசி ஒழுகி, மூலையில் வைத்திருந்த வாளியில் சொட்டிக்கொண்டிருந்தது.

"அக்காவை ஏன் சார் போடல?" என்று கேட்டாள் கத்தரி.

இதற்குப் பதில் சொல்ல ஒருவர் தனியாக இருந்தார். படத்துக்கு விருது வாங்கித் தருவதற்கென்றே முதலாளி அமர்த்தியிருந்த ஆலோசகர். எல்லாரும் அவரை விருதுக்காரர் என்றார்கள். எதையும் சதவீதத்தில்தான் பேசுவார்.

"மேடம், போஸ்டர்ல ரெண்டு பெண் முகம் இருந்தா, விருதுக்கு ஓட்டுப் போடறவங்களுக்கு யாருக்குப் போடறதுன்னு குழப்பம் வரும். இப்ப சிறந்த நடிகை வாய்ப்பு நம்ம பாப்பாவுக்கு அறுபத்திரண்டு சதவீதம் இருக்கு. அக்காவைப் போட்டா நாப்பத்தஞ்சுக்கு இறங்கிடும்."

"அறுபதுக்கு மேல அந்த ரெண்டு எங்கிருந்து சார் வந்துச்சு? அறுபதுன்னு சொன்னா யாரும் நம்ப மாட்டாங்கன்னா?"

"கத்தரி!" என்று முதலாளி அதட்டினார்.

பாப்பா என்பது கதாநாயகி. ஆறு வயதில் நடிக்க வந்தவள். இருபத்தாறு வயதாகியும் அவளை யாரும் பாப்பா என்று கூப்பிடுவதை நிறுத்தவில்லை. அக்காவாக நடித்தவருக்கு ஐம்பதை நெருங்கும் வயது. ஒலிப்பதிவுக் கூடங்களில் அவருக்குக் குரலக்கா என்று பெயர். இருபத்தைந்து வருஷமாக மற்ற நடிகைகளுக்குக் குரல் கொடுப்பதே அவர் தொழில். பாப்பாவின் முந்தைய நான்கு படங்களிலும் பேசியது குரலக்காதான். அப்படி ஒலிப்பதிவுக்கு வந்த இடத்தில்தான் இயக்குநர் சரிதான் அவரைப் பார்த்து, "நீங்களே நடிச்சா என்ன?" என்று கேட்டிருக்கிறார். வாழ்க்கையில் அவர் சுயமாக ஒரு முடிவு எடுத்தது அந்த ஒரு நாள்தான் போலிருக்கிறது. இந்தப் படத்தில் பாப்பா தன் சொந்தக் குரலில் பேசினாள். சொந்தக் குரல் இல்லாவிட்டால் சிறந்த நடிகை விருதுக்குப் பெயரே எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்று விருதுக்காரர் முதலிலேயே சொல்லிவிட்டார்.

கத்தரி முதலில் வெட்டிய டிரெய்லர் அக்காவில் தொடங்கி அக்காவில் முடிந்தது. முதலாளி பாதியிலேயே விளக்கைப் போடச் சொன்னார். "இது காதல் படமா, தையல் வகுப்பா?" என்றார். இரண்டாவதில் அக்கா பாதியானாள். ஐந்தாவதில் கதவோரம் நின்றாள். ஒன்பதாவதில் அவளுடைய பின்னந்தலை மட்டும் அரை நொடி தெரிந்தது. அதையும் விருதுக்காரர் கண்டுபிடித்து, "அது யாரு?" என்றார்.

வீட்டுக்குப் போனாலும் நிம்மதி இல்லை. கணவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். போஸ்டரை போனில் காட்டினால், அதைக் கூடத்தின் அந்தக் கோடியில் சாத்தி வைத்துவிட்டு இந்தக் கோடியில் வந்து நின்று பார்ப்பார்.

"பேரு படிக்க முடியலையே. 'படகுத்துறைத் தவில்'னு தெரியுது."

"அது தபாலுங்க."

"எனக்கே இப்படித் தெரியுதுன்னா, கண்ணு பரிசோதிக்காம திரியுற ஜனங்களுக்கு?"

மாமியாருக்கு வேறு கவலை. "இதுல கடைசில யாரு செத்துப்போறா?"

"யாரும் சாகல அத்தை."

"யாருமே சாகலையா? அப்புறம் எதுக்கு விருது குடுப்பாங்க?"

விருதுக்காரரின் கணக்கைவிட இது எவ்வளவோ தேவலை என்று கத்தரிக்குத் தோன்றியது.

பதினான்காவது டிரெய்லரில்தான் அவள் அந்தக் காரியத்தைச் செய்தாள். பெரிதாகத் திட்டம் போட்டெல்லாம் இல்லை. மண்டை காய்ந்து, வெறுத்துப்போய் உட்கார்ந்திருந்த ஒரு மத்தியானம். படகில் பாப்பா உட்கார்ந்திருக்கிறாள். தலையில் போர்த்திய சால்வை வாயைப் பாதி மறைக்கிறது. கரை விலகிப்போகிறது. அந்தக் காட்சியின் மேல் கத்தரி அக்காவின் பேச்சைத் தூக்கி வைத்தாள். "போறதுன்னா போ. வழியனுப்ப நான் வரமாட்டேன். வந்தா நானும் ஏறிடுவேன்." முகத்தைத்தானே வேண்டாம் என்றார்கள், குரலை யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லையே!

அறையில் போட்டுக் காட்டியபோது முதலாளி கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்தினார். "பாப்பா என்னமாப் பேசியிருக்கு பாரு! இத்தனை நாளா இதை எங்கம்மா ஒளிச்சு வெச்சிருந்தே?"

கத்தரி திடுக்கிட்டாள். படத்தை மூன்று முறை பார்த்த மனிதர். அவர் கைக்காசைப் போட்டு எடுத்த படம். பாப்பாவின் பழைய குரலையே கேட்டுப் பழகிய காது, இது பாப்பாவின் குரல்தான் என்று முடிவு கட்டிவிட்டது. அவள் இயக்குநரைப் பார்த்தாள். அவருக்குத் தெரியாமல் இருக்க முடியாது. அவர் கண் கலங்கியிருந்தது. வாயைத் திறந்தார்.

"சரிதான்," என்றார்.

கத்தரியும் பேசாமல் இருந்துவிட்டாள். பதினைந்தாவதை வெட்டத் தெம்பில்லை என்பது ஒரு காரணம். குரலக்காவைப் பின்வாசல் வழியாக உள்ளே கொண்டுவந்துவிட்டோம் என்ற அற்ப சந்தோஷம் இன்னொரு காரணம். படம் வந்தால் எல்லாருக்கும் தெரியத்தானே போகிறது என்று நினைத்துக்கொண்டாள்.

டிரெய்லர் வெளியான இரண்டே நாளில் அந்தப் பேச்சு எல்லார் வாயிலும் இருந்தது. வேலையை விட்டுப் போகிறவர்களிடம் அதைச் சொன்னார்கள். மகளைக் கல்லூரி விடுதியில் விட்டுவிட்டு வந்த அப்பாக்கள் சொன்னார்கள். பக்கத்து வீட்டுக்காரி தன் பூனையைப் பார்த்துச் சொன்னாள். 'குரலிலேயே பாதி விருது வாங்கிவிட்டார் நாயகி' என்று ஒரு பத்திரிகை எழுதியது. விருதுக்காரர் எண்பத்தொன்று என்றார். பேட்டிகளில் பாப்பாவிடம், "அந்த வரியைச் சொல்லும்போது என்ன நினைச்சீங்க?" என்று கேட்டார்கள். பாப்பா சிரித்தாள். எல்லாப் பேட்டியிலும் ஒரே மாதிரிச் சிரித்தாள்.

அந்த வாரச் சனிக்கிழமை குரலக்கா வெட்டும் அறைக்கு வந்தார். முன்கூட்டிச் சொல்லவில்லை. தோளில் துணிப்பை, காலில் தேய்ந்த செருப்பு. கத்தரி எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். முகமெல்லாம் சிரிப்பு அவளுக்கு. பாராட்ட வந்திருக்கிறார் என்றே நினைத்தாள்.

"டிரெய்லர் பாத்தீங்களாக்கா?"

"பாத்தேன். என் தங்கச்சிதான் முதல்ல பாத்துட்டு போன் பண்ணினா. 'அந்தப் பொண்ணு நல்லாப் பேசுதுக்கா, உன் குரல் மாதிரியே இருக்கு'ன்னா."

கத்தரிக்கு முகம் சுருங்கியது.

"நான்தான்டின்னு சொன்னேன். அவ நம்பல. 'எல்லாத்தையும் நான்தான் நான்தான்னு சொல்லாதே'ன்னு சிரிக்கிறா." குரலக்கா பையை மடியில் வைத்து அதன் காதுகளை முறுக்கிக்கொண்டிருந்தார். "இத்தனை வருஷமா என் குரலை எடுத்துக்கிட்டு, முகத்தை வாசல்லயே விட்டுட்டுப் போயிருக்காங்க. அது வேலை. தெரிஞ்சுதான் செஞ்சேன். இந்த ஒரு படத்துலதான் முகமும் நானு, குரலும் நானு. இதுலயும் பிரிச்சிட்டியே கத்தரி."

"உங்களுக்காகத்தான்கா செஞ்சேன். அவங்க உங்களை மொத்தமா எடுத்துட்டாங்க. குரலாவது இருக்கட்டும்னு..."

"எனக்காகன்னா என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருப்பே."

கோபமாகச் சொல்லவில்லை. அதட்டலும் இல்லை. திரையில் நின்றுபோயிருந்த பாப்பாவின் முகத்தைக் குரலக்கா கொஞ்ச நேரம் பார்த்தார். "அது பாவம், அதுக்கும் தர்மசங்கடமாத்தான் இருக்கும்," என்றார். பிறகு எழுந்து, காபி வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மாடிப்படி இறங்கிப் போனார்.

அன்றைக்குக் கத்தரி ஒரு வேலையும் செய்யவில்லை. இத்தனை நாளும் அடுத்தவர்களைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டவள், இப்போது தன் தலையிலேயே அடித்துக்கொண்டாள். முதலாளிக்குக் காது சரியில்லை, விருதுக்காரருக்கு மூளை சரியில்லை, சரிதானுக்கு முதுகெலும்பு சரியில்லை. எல்லாம் சரி. குரலை உருவி வேறொரு முகத்தில் ஒட்டிய கை யாருடையது?

திங்கட்கிழமை முதலாளியின் அறையில் போய் உட்கார்ந்தாள். படம் வெளியாவதற்கு முன்னால் இரண்டாவது டிரெய்லர் ஒன்று வரவேண்டியிருந்தது. அதில் அக்காவின் முகத்தோடு அந்தப் பேச்சு வரவேண்டும் என்றாள். அது பாப்பாவின் குரலே இல்லை என்பதையும் சொன்னாள்.

முதலாளி வாயில் வைத்த காபியைக் கீழே வைத்தார். "என்னம்மா சொல்றே? நான் அழுதேனே!"

"அழுதது சரிதான் சார். ஆள்தான் வேற."

பக்கத்தில் இருந்த விருதுக்காரர் போனைத் தடவிப் பார்த்தார். "ஓட்டெடுப்பு முடியற வரைக்கும் யாரும் வாயைத் திறக்காம இருந்தா எண்பத்தொண்ணு அப்படியே நிக்கும்."

"படம் வந்த அன்னைக்கே தெரிஞ்சிடுமே? அடுப்படியில நின்னு அக்காதானே பேசறா? அதை நீங்க எப்படி மறைப்பீங்க?"

"படத்துலயும் மாத்திடலாமே," என்றார் விருதுக்காரர். "அந்த வசனத்தை பாப்பாவே பேசற மாதிரி..."

"அக்கா தங்கச்சியைப் பாத்துச் சொல்றதை, தங்கச்சி யாரைப் பாத்துச் சார் சொல்லுவா? படகைப் பாத்தா?"

"சொந்தக் குரல்ல பேசினதா எழுதிக் கொடுத்திருக்கீங்க," என்று அவளே தொடர்ந்தாள். "அடுத்தவங்க குரலுக்கு ஓட்டு வாங்கினதா நாளைக்கு வெளிய வந்தா, இந்தப் படத்துக்கு இல்ல, நீங்க எடுக்கற எந்தப் படத்துக்கும் பேரு எடுத்துக்க மாட்டாங்க."

விருதுக்காரர் யோசித்தார். "அப்படின்னா இருபத்தேழு," என்றார்.

முதலாளிக்கு எண்பத்தொன்றிலிருந்து இருபத்தேழுக்கு இறங்க மனசு வரவில்லை. மேசையைத் தட்டினார். இரண்டாவது டிரெய்லரிலும் அக்கா இருக்கக் கூடாது, பாப்பாதான் இருக்கவேண்டும், பாட்டு இருக்கவேண்டும், பேச்சே வேண்டாம் என்றார். "பாப்பாகிட்ட கேட்டீங்களா சார்?" என்றாள் கத்தரி. "பாப்பா சிரிச்சிட்டு இருந்தாப் போதும்," என்று சொல்லி வாசலைக் காட்டினார்.

கத்தரி அறைக்குத் திரும்பி, முதல் வேலையாகக் குரலக்காவுக்கு போன் செய்தாள்.

"அக்கா, ரெண்டாவது டிரெய்லர்ல உங்க முகத்தோட அந்த வசனத்தைப் போடலாம்னு இருக்கேன். முதலாளிக்குச் சம்மதம் இல்ல. பிரச்சினை வரும். போடட்டுமா?"

"உனக்கு வேலை போயிடாதே?"

"போனாலும் போகும். அதை நான் பாத்துக்கறேன். நீங்க உங்க விஷயத்தைச் சொல்லுங்க."

"போடு," என்றார் குரலக்கா.

பதினோரு நொடி. வெட்டே இல்லாமல். அடுப்படி, சன்னல் வெளிச்சம், அக்காவின் முகம். டிரெய்லரில் பதினோரு நொடி என்பது ஒரு யுகம். மற்றதெல்லாம் அதைச் சுற்றி வளர்ந்தது.

இனி அதை வெளியே விடவேண்டும். விளம்பரத்துக்குப் போகும் எதிலும் கடைசிக் கையெழுத்து இயக்குநருடையது என்று ஒப்பந்தத்தில் இருந்தது. அப்படி ஒரு வரி இருப்பதே எல்லாருக்கும் மறந்துபோயிருந்தது. யார் கேட்டாலும் கையெழுத்துப் போடுகிறவரின் கையெழுத்துக்கு என்ன மரியாதை? ஆனால் கத்தரி ஒன்றைக் கவனித்து வைத்திருந்தாள். சரிதானிடம் யார் கடைசியாகப் பேசுகிறார்களோ, அவர்கள் சொன்னதே நடக்கும்.

டிரெய்லர் வெளியாகவேண்டிய நாள் காலை ஒன்பது மணிக்கு அவர் வீட்டு மணியை அடித்தாள். இயக்குநர் மாடி முகப்பில் ஈரத்துணி உதறிக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். மடிக்கணினியை அங்கேயே துணிகளுக்கு நடுவில் ஒரு ஸ்டூலில் வைத்துப் போட்டுக் காட்டினாள். அவர் ஈரச்சட்டையைக் கையில் பிடித்தபடியே பார்த்தார். சட்டையிலிருந்து பாதத்தில் தண்ணீர் சொட்டியது, அவருக்குத் தெரியவில்லை.

"சரிதான்," என்றார். வழக்கமான சரிதான் இல்லை அது.

"எழுதிக் கொடுங்க சார்."

எழுதிக் கொடுத்தார். கத்தரி அதை வாங்கி மடித்து வைத்துக்கொண்டு, "சட்டையை மாத்திக்கிட்டு என்கூட வாங்க," என்றாள்.

பதினொரு மணிக்கு வெளியீடு. அதுவரை அவரைத் தன் காரின் முன்சீட்டில் உட்காரவைத்து, அலுவலகத்துக்கு இரண்டு தெரு தள்ளி நிறுத்திக்கொண்டாள். இணையத்தில் ஏற்றுகிற அலுவலகப் பெண்ணுக்குக் கையெழுத்தையும் டிரெய்லரையும் அனுப்பியாகிவிட்டது. பத்தே காலுக்கு இயக்குநரின் போன் அடித்தது. முதலாளி. நின்றது. மறுபடி அடித்தது. எங்கிருந்தோ விஷயம் கசிந்திருக்கிறது.

ஐந்தாவது தடவை அடித்தபோது இயக்குநர் போனை எடுத்துக் கத்தரியின் மடியில் வைத்தார். "நீங்களே வெச்சுக்கங்கம்மா. எடுத்தா நான் சரின்னுடுவேன்."

அவரை அவள் அப்போதுதான் முதல்முறையாக ஒழுங்காகத் திரும்பிப் பார்த்தாள். "தெரிஞ்சேதான் இப்படி இருக்கீங்களா சார்?"

"வீட்டுல எங்கப்பாவும் அண்ணனும் எப்பவும் சண்டை. யாராவது ஒருத்தர் சரின்னு சொன்னாத்தான் சோறு இறங்கும். நான் சொல்லிப் பழகிட்டேன்." அவர் கண்ணாடிக்கு வெளியே பார்த்தார். "படம் எடுக்கும்போது மட்டும் யார்கிட்டயும் கேக்க மாட்டேன். அதனால சண்டையும் வரல."

போன் அதன்பிறகு ஒன்பது தடவை அடித்தது. பதினொரு மணிக்கு டிரெய்லர் வெளியானது.

முதலாளி போட்ட சத்தத்தில் இரண்டாவது மாடியில் இருந்தவர்கள் எழுந்து வந்து பார்த்தார்களாம். நம்ப வைத்துக் கழுத்தறுத்துவிட்டாள் என்றார், இனிமேல் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது என்றார். கத்தரி தன் பொருள்களை ஓர் அட்டைப்பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தபோது, ஓவியர் வந்து ரகசியமாக, "நல்லா இருந்துச்சுங்க," என்று சொல்லிவிட்டு ஓடிப்போனார்.

வானமும் இடியவில்லை, உலகமும் கவிழவில்லை. முதலில் குழம்பினார்கள். பிறகு, யார் இந்த அம்மா என்று கேட்டார்கள். அன்று சாயங்காலமே பாப்பாவுக்கு ஒரு நேரலைப் பேட்டி இருந்தது. கத்தரி வீட்டில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டு பார்த்தாள். பாப்பாவிடம் கேட்டுவிட்டார்கள். பாப்பா வழக்கம்போலச் சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்தினாள்.

"அது என் குரல் இல்லீங்க. அவங்க குரல். இதுக்கு முன்னாடி நாலு படத்துலயும் எனக்கு அவங்கதான் பேசினாங்க. மூணு வாரமா இதை எப்படிச் சொல்றதுன்னு தெரியாமத்தான் சிரிச்சிட்டு இருந்தேன். எனக்குக் கன்னம் வலிக்குது."

"நல்ல புள்ளை," என்றார் மாமியார்.

மறுநாள் காலையில் விருதுக்காரர், சிறந்த துணை நடிகை வாய்ப்பு எழுபத்து நான்கு சதவீதம் என்றும், இது தன் திட்டத்தில் ஆரம்பத்திலிருந்தே இருந்ததுதான் என்றும் அறிவித்தார். அடுத்த வாரம் முதலாளி, ஒன்றுமே நடக்காததுபோல, "ஏம்மா, எங்க போயிட்டே? வேலை கிடக்குது," என்று போன் செய்தார். கத்தரிக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனாலும் போனாள். பெட்டியை மட்டும் பிரிக்கவில்லை.

அவள் போனபோது சுவரில் முப்பத்து நான்காவது போஸ்டர் இருந்தது. இந்த முறை அக்காவின் முகம் மட்டும், வானமளவு. பின்னால் படகு. மேலே, 'அந்தக் குரலுக்குச் சொந்தக்காரி!' என்று சிவப்பு எழுத்து. மழையும் பெய்துகொண்டிருந்தது. வயதைக் குறைக்கிறேன் என்று கன்னத்தை இழுத்துப் பூசியதில் மூக்கு எங்கோ போயிருந்தது.

கத்தரி குரலக்காவைக் கூட்டிக்கொண்டு போய் பேருந்து நிறுத்தத்தில் ஒட்டியிருந்ததைக் காட்டினாள். குரலக்கா எதிர்ச்சாரியில் நின்று தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

"மூக்கு யாரோடது?"

"தெரியலக்கா. கேட்டா, ஓட்டுப் போடறவங்களுக்குப் பிடிச்ச மூக்குன்னு சொல்வாங்க."

குரலக்கா சிரிக்கத் தொடங்கினார். நடுத்தெருவில் நின்று, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, பேருந்துக்குக் காத்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார். அவர்களில் ஒரு பெண் போஸ்டரையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "நீங்களா?" என்று கேட்டாள்.

"மூக்கைத் தவிர," என்றார் குரலக்கா.

படம் வந்தது. பெரிய வெற்றி என்று சொல்ல முடியாது. பார்த்தவர்கள் இன்னொருவரைக் கூட்டிக்கொண்டு மறுபடி போனார்கள். விருதுக்கான பேர்ப் பட்டியல் வந்தபோது சிறந்த நடிகையில் பாப்பா இல்லை. சிறந்த படத்தில் 'படகுத்துறைத் தபால்' இல்லை. சரிதானின் பெயர் எங்கேயும் இல்லை, அதற்கும் அவர் சரிதான் என்றார். சிறந்த துணை நடிகையில் குரலக்கா இருந்தார். அது போக, உடையலங்காரத்துக்கு ஒன்று.

ஒரு ஞாயிறு மத்தியானம் விழாவைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். கத்தரி, கணவர், மாமியார் மூவரும் சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்து பார்த்தார்கள். குரலக்கா நான்காவது வரிசையில், பக்கத்தில் தங்கையோடு இருந்தார். விருது, மகனின் மடியில் தலைவைத்து உயிரை விடும் ஒரு தாயாக நடித்தவருக்குப் போனது.

"நான் அப்பவே சொன்னேன்ல?" என்றார் மாமியார். "யாராவது சாகணும்."

கத்தரி தட்டைத் தரையில் வைத்துவிட்டுத் தொலைக்காட்சியைத் திட்டினாள். பத்தொன்பது வருஷமாகச் சேர்த்துவைத்த வசவு அத்தனையும் வந்தது. அவள் திட்டி முடிப்பதற்குள், சிறந்த உடையலங்காரம் 'படகுத்துறைத் தபால்' என்று அறிவித்துவிட்டார்கள். அந்த நூறு வருஷப் பழங்கால உடைகளில் இருந்த பிளாஸ்டிக் பொத்தான்கள் தெரியக் கூடாதென்று டிரெய்லரில் அவள் எத்தனை இடத்தில் வெட்டியிருக்கிறாள் என்பது அவளுக்குத்தான் தெரியும். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் எழுந்துபோய்க் கை கழுவினாள்.

இரண்டு வாரம் கழித்து வேறொரு தயாரிப்பாளர் கத்தரியைக் கூப்பிட்டார். அவரும் ஒரு பழங்காலக் காதல் படம் எடுத்திருந்தார். "அந்த முதல் டிரெய்லர் மாதிரியே வேணும். அதே மாதிரி ஒரு குரல், மேல வெச்சு. அந்தம்மாவையே எங்க ஹீரோயினுக்குப் பேச வெச்சுக்கலாமா?"

"அவங்க நம்பர் தரேன் சார். நீங்களே கேளுங்க," என்று சொல்லி வைத்துவிட்டு, அவர் கூப்பிடுவதற்குள் தான் குரலக்காவைக் கூப்பிட்டாள்.

"கேக்கட்டுமே," என்றார் குரலக்கா. பின்னால் ஒலிப்பதிவுக் கூடத்தில் யாரோ ஒலிவாங்கியைத் தட்டிச் சோதிக்கிற சத்தம் கேட்டது. "எனக்கு என்ன பாத்திரம்னு முதல்ல கேப்பேன்."

"பாத்திரம் ஒண்ணும் இல்ல, குரல் மட்டும்னு சொன்னா?"

"அதுக்கும் போவேன். அது என் வேலைதானே? ஆனா டிரெய்லர்ல எங்க வெக்கிறாங்கன்னு என்கிட்ட கேட்டுட்டுத்தான் வெக்கணும்னு எழுதி வாங்கிடுவேன்."

"வாங்குங்கக்கா. வெட்டறது நானா இருந்தாலும் வாங்குங்க."

"உன்கிட்டத்தான் முதல்ல வாங்குவேன்," என்றார் குரலக்கா. உள்ளேயிருந்து அவரைக் கூப்பிட்டார்கள். "சரி, வெக்கிறேன். ஒரு பொண்ணுக்கு அழணும், போயிட்டு வந்துடறேன்."